ஒன்பதில் முடியும் டப்பா

சியாங்மாயிலுள்ள அந்தத் தனியார்ப் பல் மருத்துவமனையின் அரங்கில் நுழைந்தபோது, திரு. பிரசோங் அவர்களின் கால்கள் தரையில் பாவவில்லை. வாசலிலிருந்த காவல் தெய்வ மாடத்தில், வழக்கமான ஒரு சிவப்புச் சோடாவுக்குப் பதிலாக மூன்றைப் படைத்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டாண்டு ஆய்வின் முடிவு அன்று வெளியாகவிருந்தது. பல் இழந்த எண்பது பேரின் தாடை எலும்பில் டைட்டானியத் திருகுகள் பதிக்கப்பட்டிருந்தன. நாற்பது, வெறும் உலோகம். மற்ற நாற்பதின் மேல், பிரசோங் பணிபுரியும் நிறுவனத்தின் புதிய பூச்சு. பூச்சு வென்றால் அவர் வட மாகாணங்கள் அனைத்துக்கும் மேலாளர். தோற்றால் பழையபடி ஊர் ஊராக டூத் பிரஷ் விற்கப் போக வேண்டும்.

யாருக்கு எந்தத் திருகு என்பதை, குலுக்கல் முறையில் டப்பா எண்ணை எழுதி உள்ளே வைத்து ஒட்டிய உறைகளே தீர்மானிக்க வேண்டும். டப்பாவுக்குள் இருப்பது எது என்பது மருத்துவருக்கும் தெரியக் கூடாது. இதுவே விதி. அவ்விதியைப் பிரசோங் அவர்கள் மிகுந்த பணிவோடு உடைத்திருந்தார். மருத்துவமனைக்குள் அனுமதிக்கப்படாத துரியன் பழத்தை ஏழு சுற்றுக் காகிதத்தில் பொதிந்து வந்து, டப்பாக்களை எடுத்துக் கொடுக்கும் செவிலியர் லம்துவன் அம்மையாரிடம் நீட்டியிருந்தார்.

“அக்கா, ஒன்பதுல முடியற டப்பாவுலதான் பூச்சு. எலும்பு கெட்டியா இருக்கறவங்களுக்கு அதைக் குடுங்க. சிகரெட்டு பிடிக்கறவங்க, சக்கரைக்காரங்க, எலும்பு உளுத்தவங்களுக்கெல்லாம் வெறும் திருகு. உறையை யாரு பாக்கப் போறா?”

“அதுக்கென்ன தம்பி, பண்ணிட்டாப் போச்சு,” என்று கைகூப்பினார் அம்மையார். “பழத்தை முதல்ல உள்ள வைங்க, வாசனை மூணாவது மாடி வரைக்கும் போகுது!”

அதற்குப் பின், இருமிக்கொண்டே வந்த மீன் வியாபாரி ஒருவரின் எக்ஸ்ரேயை அம்மையார் உற்று நோக்கியதையும், உறை குறித்த டப்பாவை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்ததையும் கண்ணாடிக் கதவு வழியே கண்ட பிரசோங், ஆளில்லாத லிஃப்டில் ஆடியே விட்டிருந்தார்.

இப்போது மேடையில், ஆய்வை நடத்திய பேராசிரியர் விராச் தொண்டையைச் செருமினார்.

“வெறும் திருகு, நாப்பதுல முப்பத்தொன்பது அசையாம நிக்குது. பூச்சுத் திருகு…” அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “நாப்பதுல இருபத்தாறு.”

பாங்காக்கிலிருந்து வந்திருந்த முதலாளியம்மாள், பிரசோங்கின் பக்கம் இனிமையாகத் திரும்பினார்.

“டூத் பிரஷ் பையைத் தூக்கிப் போட்டுடலையே, பிரசோங்?”

பிரசோங் தாழ்வாரத்துக்கு ஓடிச் சென்று அம்மையாரை மறித்தார்.

“அக்கா! டப்பாவை நீங்க மாத்தவே இல்லையா?”

“நல்லா கேட்டீங்க போங்க! எண்பது எக்ஸ்ரேயும் பாத்து, கண்ணு பூத்துப் போச்சு. ஒருத்தரை விடாமப் பாத்துத்தான் குடுத்தேன்.”

“அப்புறம் எப்படிக்கா இப்படி ஆச்சு?”

லம்துவன் அம்மையார் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைப் பரிவோடு தாழ்த்தினார்.

“நல்ல திருகைப் போயி நல்லா இருக்கறவங்களுக்குக் குடுக்கச் சொன்னீங்களே, அது வாய் தவறித்தான்னு எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு தம்பி, மூஞ்சிக்கு நேரா திருத்தினா கூசிப் போவீங்களேன்னு, நானே சத்தமில்லாம உளுத்த எலும்புக்கெல்லாம் உங்க பூச்சுத் திருகையே குடுத்துட்டேன்!”