மூன்றாவது ஷிஃப்ட்

ஆலோசனை நிறுவன வேலைக்கான கணக்குத் தேர்வில் இப்போதெல்லாம் கற்பனைக் கணக்கு கிடையாது. பயிற்சிக்கு வருவதுகூட ஏதோ ஒரு கம்பெனியின் நிஜக் கணக்குதான். பெயரை மட்டும் மறைத்துவிடுவார்கள். முதலில் வரும் நல்ல விடையை அந்தக் கம்பெனி அப்படியே நிறைவேற்றும். பிள்ளைகளுக்கு மார்க்கு, கம்பெனிக்கு ஓசியில் ஆலோசனை.

அந்தத் தேர்வுக்குத் தயாராகும் கோகிலவாணிக்குக் கேள்வியை வாசிப்பவர் அவள் அப்பா சென்னியப்பன். பல்லடத்து நூல் மில்லில் இரவு வேலை முடிந்து காலையில் வந்ததும் போனும் கையுமாக உட்காருவார்.

அன்று வந்தது ஒரு நூல் மில்லின் கணக்கு. நூல் நூற்கும் கதிர்கள் எத்தனை, கரண்ட் செலவு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நிதானமாக வாசித்தார். லாபம் கூடுவதற்கு எதை நிறுத்தலாம் என்பது கேள்வி.

அவர் முடிக்கும் முன்பே, "மூணாவது ஷிஃப்ட்ட மூடிறலாம்ப்பா" என்றாள். முழு மதிப்பெண்.

திங்கட்கிழமை அவருடைய மில்லில் மூன்றாவது ஷிஃப்ட்டை மூடிவிட்டார்கள். அதில் இருந்த எல்லோருக்கும் வேலை போயிற்று, அவருக்கும்தான்.

"அது உங்க மில்லுனு தெரியாமப் போச்சேப்பா" என்று அழுதாள்.

"கதிர்க் கணக்கப் படிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுது கண்ணு" என்றார். "நீ அத்தன வேகமாப் போட்டுட்டு இருந்தே. நடுவால நிறுத்துனா மார்க்குப் போயிருமேன்னு கம்முனு இருந்துட்டேன்."