டெலிவரி முகவரி

கொக்கி தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தபோதுதான் போனில் முகவரி வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். பச்சை கேட். வெளிப் படிக்கட்டு ஏறினால் மாடி வீடு.

அவள் உட்கார்ந்திருந்த வீடு.

ஏதோ தவறி வந்திருக்கிறது என்று மேலே தள்ளிப் பார்த்தாள். தவறில்லை. இரண்டு நாளாகப் பேசிக்கொண்டிருந்த அதே வாடிக்கையாளர். புது எண். பாவாடை சட்டை வேண்டும் என்று கேட்டவர். எத்தனை வயது என்றதற்கு, ஒன்றரை என்று எழுதியிருந்தார். குழந்தை என்ன நிறம், அதற்கேற்ற துணி காட்டுகிறேன் என்றாள், எல்லோரிடமும் சொல்வதுபோல.

'அப்பன் நிறமாம். நாங்க இன்னும் பாக்கல.'

வெளியூர்ப் பேத்தியாக்கும் என்று நினைத்துக்கொண்டு, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்துத் தைத்தாள்.

தரையில் மகள் மகிழ் வெட்டுத்துணிகளை வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

மகிழுக்கும் ஒன்றரை வயது.

மூன்று வருடத்துக்கு முன் ரூபனோடு ஊரை விட்டு வந்தவள் அவள். ரூபனின் அப்பா அவளுடைய பிறந்த வீட்டுக் களத்தில் நெல் தூற்றியவர். ஒருநாளும் அந்த வீட்டு வாசல்படி ஏறியதில்லை. தாலி கட்டிய அன்று அண்ணன் போனில் ஒரே வார்த்தை சொன்னான்.

"பாத்துக்கறேன்."

வேலைக்குப் போனால் யார் கண்ணிலாவது படும். அதனால்தான் வீட்டிலேயே மெஷின் போட்டு, போனிலேயே கடை திறந்தாள். கடைக்குப் பெயர் சிட்டுச்சட்டை. முகம் காட்டமாட்டாள். வீடியோவில் கை மட்டும். பார்சலில் அனுப்புநர் முகவரி, தெருமுனையில் கூரியர் கடை வைத்திருக்கும் பஷீர் பாயுடையது.

ஆனாலும் கடை என்றால் நாலு பேர் பார்த்தாக வேண்டும். பார்க்கப் பார்க்கத்தான் வியாபாரம்.

ஆயிரம் பேர் பின்தொடர்ந்த அன்று ரூபன் கேக் வாங்கி வந்தான்.

முகவரிக்குக் கீழே ஒரு குரல் செய்தி இருந்தது. தொட்டாள்.

அம்மா.

"கைய மட்டும் காட்டுனா எனக்குத் தெரியாதா சாமி? அண்ணன்தான் போன்ல காட்டுனான். எழுதறதெல்லாம் அவந்தான், எனக்கென்ன எழுதத் தெரியுமா? பாவாட நம்ம பாப்பாவுக்குத்தான் கண்ணு. அவனுக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. இதோ, அவனும் பசங்களும் வண்டியெடுத்துட்டு உன்னையப் பாக்கக் கிளம்பறாங்க. என்னைய அடுத்த தடவ கூட்டிட்டுப் போறானாம்."

மூன்று வருடமாகக் கேட்காத குரல். இன்னொரு முறை கேட்டாள். ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

பிறகு ரூபனை அழைத்தாள். பைக் சத்தத்துக்கு நடுவே சிரித்தான்.

"தெரியும், தெரியும்! உங்கண்ணன் எங்கிட்டயே பேசிட்டாரு. மாப்ளன்னு கூப்பிட்டாரு தெரியுமா? டோல்கேட்டு தாண்டி நிக்கறாங்களாம். வழி தெரியலயாம். கம்பெனில சொல்லிட்டு நான்தான் கூட்டியாரப் போறேன்."

"வழி தெரியலன்னா சொன்னான்?"

"ஆமா. நீ சோறு வை. நாலு பேராம்."

"ரூபா, போகாத. திரும்பு. அவங்களுக்கு வழி தெரியும். நம்ம வீட்டுப் படிக்கட்டுகூடத் தெரியும்."

காற்று இரைந்தது.

"ஒண்ணும் கேக்கல. வந்து பேசறேன்."

வைத்துவிட்டான்.

மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

மகிழை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், வெயிலில் ஓடினாள். பஷீர் பாய் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது. முழுதும் கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.

"போலீசுக்கு அடிம்மா. நான் டோல்கேட்டுக்குப் போறேன்."

அடித்தாள். என்ன பிரச்சினை என்று கேட்டார்கள்.

"எங்கண்ணன் வந்திருக்கான்" என்றாள்.

"அண்ணன்தானேம்மா?"

அதற்கு மேல் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

கடையில் யாருமில்லை. பார்சல்களுக்கு நடுவே நின்றுகொண்டு ரூபனையே அழைத்தாள். அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி போனது. முழுதும் போய் நின்றது. மறுபடி போனது.

அது போய்க்கொண்டிருக்கும்போதே திரையின் மேலிருந்து ஒரு செய்தி இறங்கியது. வாடிக்கையாளர்.

'ஆர்டர் கேன்சல். வந்த வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு வரல. இங்கிருந்தே திரும்பறோம்.'

மகிழ் போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். உள்ளே இன்னும் மணி போய்க்கொண்டிருந்தது.

"ப்பா" என்றாள் போனுக்குள்.