இரண்டாவது படம்

மகுடேஸ்வரன் என்பது அவரது திருப்பெயர். வயது, வருகிற தை பிறந்தால் அறுபத்து நான்கு. திருப்பூரை அடுத்த முதலிபாளையம் தொழிற்பேட்டையில், குழந்தைகளுக்கான பனியன் ஆடைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் உரிமையாளர். பத்தாயிரம் ரூபாய்க் கைப்பேசி, லட்ச ரூபாய்க் கைப்பேசிக்கு எள்ளளவும் இளைத்ததன்று என்பது அவர் கொண்ட கொள்கை.

அந்தக் கொள்கைக்கு ஒரே எதிர்க்கட்சி, பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் சப்ளை செய்யும் இலியாஸ். அவர் சட்டைப்பையில் இருந்தது லட்ச ரூபாய் ரகம்.

தினந்தோறும் தேநீர் வேளையில், பேக்கரி வாசலில் இந்த வழக்கு விசாரணைக்கு வரும்.

"ஏனுங் பாய், உங்க போன்ல பேசுனா கேக்கறவங்க காதுல தேன் ஒழுகுமுங்களா?"

"கஞ்சத்தனத்துக்குக் கொள்கைன்னு பேரு வெச்ச மொத ஆளு நீங்கதானுங்ணா."

"உங்க போன் கீழ விழுந்தா உங்களுக்கு நெஞ்சடைச்சுரும். என்னுது விழுந்தா, நான் குனிஞ்சு எடுத்துக்குவேன். அவ்வளவுதானுங்க வித்தியாசம்!"

பேக்கரியே சிரிக்கும். இலியாசும் சிரிப்பார். ஆனால், வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு மனசுக்குள் குடைந்துகொண்டே இருக்கும்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் காலை, இலியாசுக்கு மகுடேஸ்வரனிடமிருந்து அழைப்பு வந்தது.

"பாய், கொஞ்ச நேரம் உங்க போன் வேணுமுங்க. துணியைப் போட்டோ எடுக்கோணும்."

இலியாசுக்குத் தம் காதுகளையே நம்ப முடியவில்லை. போகும் வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தி, "மாஸ்டர், அண்ணன் கொள்கை கவுந்துருச்சுங்க!" என்று அறிவித்துவிட்டே போனார்.

கம்பெனியில், கட்டிங் மேசைமேல் இளநீலத் துணி விரித்துக் கிடந்தது. துணியின்மேல் கத்தி படுமுன், அதன் படத்தைப் பார்த்து, ஆடைகளை வாங்கும் வெளிநாட்டுப் பையர் சம்மதம் தர வேண்டும் என்பது இத்தொழிலின் முறை. பையரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் மெர்ச்சண்டைசர் பெண் தரணி, அருகில் நின்றிருந்தாள்.

இலியாஸ் அவளிடம் கண் சிமிட்டினார். "ஏங்கண்ணு, உங்க முதலாளி போன் என்னாச்சு? ரிப்பேருங்களா?"

"இல்லீங்கண்ணா, அதுல நேத்தே..."

"நீ வேலையப் பாரு கண்ணு" என்று இடைமறித்தார் மகுடேஸ்வரன்.

இலியாசுக்கு அது போதாதா?

"வாய்ப்பேச்செல்லாம் எங்ககிட்டத்தானுங்களா? ஆர்டர்னு வந்தா மட்டும் லட்ச ரூபாய் போன் கேக்குதுங்களா?"

"ஆமாங்க பாய். இன்னிக்கு உங்க போன்தான் வேணும்."

பதிலில் சூடே இல்லை. தோற்றவர் முகம் இப்படியா இருக்கும் என்று இலியாசுக்கு ஒரு கணம் ஐயம் எழுந்தது. ஆயினும், வெற்றி பெற்றவருக்கு ஆராய்ச்சி எதற்கு? கல்யாண வீட்டுப் படக்காரரைப்போல் முழங்காலிட்டுப் படமெடுத்தார்.

"இன்னும் கிட்டப் போங்க பாய். இந்த எடத்துல."

தரணி படத்தை அனுப்பினாள். தேநீர் வந்தது. அதைக் குடித்து முடித்துச் சற்று நேரத்துக்கெல்லாம் பதிலும் வந்தது.

"கட்டிங் போட வேண்டாமாமுங்க" என்றாள் தரணி. "துணி நெடுகக் கோடு தெரியுதாமா. புதுத்துணி ஓட்டச் சொல்றாங்க. அதுக்குப் பத்து நாள் டைம் குடுத்திருக்காங்க."

இலியாஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ஏதோ ஓர் ஊசி பழுதாகியிருக்கிறது. முடியிழை போல் ஒரு கோடு, துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ, எம்பட போன் உங்க ஆர்டரையே கெடுத்துருச்சுங்களேண்ணா! உங்க போன்லயே எடுத்திருந்தா இந்தக் கோடு படத்துல உழுந்திருக்காதே! இத்தனை துணிக்கும் நஷ்டம் உங்க தலையிலதானுங்களே!"

மகுடேஸ்வரனோ, அவர் பேச்சைக் காதில் வாங்காமல் நிட்டிங் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தார். "ஊசியை மாத்திட்டு மறுக்கா ஓட்டுங்க. ஆமாங்க, மொத்தமும்தான்." அவர் குரலில், நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவரின் தெளிவு இருந்தது.

இலியாஸ் தரணியின் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, நல்லா இருந்த மனுசன் எதுக்கு எம்பட போனைக் கேட்டாரு?"

தரணி தயங்கி, முதலாளியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நேத்தே அவரு போன்ல எடுத்து அனுப்பியாச்சுங்கண்ணா. அந்தக் கேமரா எதையும் வழவழன்னு காட்டீருமுங்க. கோடே உழுகலை. 'துணி பிரமாதம், கட்டிங் போடுங்க'ன்னு நேத்தே ஓகே வந்துருச்சுங்க."

"அப்புறம்?"

"இவருதான் மனசு கேக்காம, பையர் ஆபீசுக்கே போன் போட்டுச் சொன்னாரு. 'கோடு இருக்குதுங்க, நாலு தொவையில நூலு அறுந்துரும், கொழந்தைக போடற துணிங்க'ன்னு. போட்டோவுல ஒண்ணுமே இல்லியேன்னு அவங்க நம்பவே மாட்டேன்னுட்டாங்க."

இலியாஸ் தம் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டார்.

மகுடேஸ்வரன் இரு கைகளாலும் அந்தக் கைப்பேசியை எடுத்து, அதை அவரிடம் மரியாதையாக நீட்டினார்.

"நம்ப வெக்கற போன் உங்ககிட்டத்தானுங்க பாய் இருக்குது. நான் தோத்துட்டனுங்க."

இவ்வண்ணம், கையில் வந்துவிட்ட வெற்றியை வேண்டாமென்று தள்ளி, தம் தோல்வியைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார் மகுடேஸ்வரன். நெடுநாள் நடந்த அவ்வழக்கு இனிதே தீர்ந்த நாள், 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை.