அளவுச் சட்டை

ஐஸ் அறையின் வாசலில் நின்று கதிரவேலு பொத்தான்களோடு போராடிக்கொண்டிருந்தார்.

“ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறியள், அண்ணை. உங்களுக்குத் தெறி பூட்டத் தெரியேல்லையே!” என்று சிரித்தான் லியோன். வல்வெட்டித்துறையில் மீனுக்கு ஐஸ் போடும் அந்த இடம் அவன் பொறுப்பு.

சட்டை நெஞ்சில் இறுகி, வயிற்றில் திறந்து கிடந்தது. தனக்கில்லை என்று காட்ட வேண்டுமென்றே வயிற்றைத் தள்ளுகிறார் என்று அவர் மனைவி பூரணம் நினைத்தாள்.

“விறைச்சால் கதவிலை தட்டுங்கோ. இல்லாட்டி உங்களையும் மீனோடை நிறுத்து வித்துப்போடுவன்,” என்றான் லியோன்.

கதவு மூடியது. அவள் வெயிலில் நின்றாள்.

அயலில் இருக்கும் தம்பிஐயாவின் மகன் ஜேர்மனிக்குப் போகிறானாம். சட்டை பனிக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். அப்படிச் சொல்லித்தான் நெல்லியடியிலிருந்து சைக்கிளை எடுத்தார். “நீர் வரவேண்டாம்” என்று அவளிடம் இரண்டு தரம் சொன்னார். அதனால்தான் அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் தையற்கடைதான் நடத்துகிறார். எந்தச் சட்டையையும் இப்படி வதைத்ததில்லை. குடைத்துணியை இரண்டாக வைத்து நடுவில் இலவம்பஞ்சு அடைத்தார். தையல் விடுகிறதா என்று பனைமட்டைக் கருக்கில் போட்டு இழுத்தார். கடல்தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிட்டார்.

ஆரோ ஒருத்தரின்ரை பிள்ளைக்கு இவ்வளவு பாடா?

கடையில் தைக்கிற எல்லாச் சட்டைக்கும் பொத்தான் வைப்பது அவள் வேலை. இதை மட்டும் அவர் அவள் கையில் கொடுக்கவில்லை.

போன கிழமை கொடியில் காய்ந்த, அவள் சேலைக்குப் போடும் நீலச் சட்டை காணாமற் போனது. காற்றுக் கொண்டுபோயிருக்கும் என்றார். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

மனுஷன் பொய் சொல்லப் பழகிவிட்டார்.

கனடாவிலிருந்து மகள் மகாதேவி ஆள்மூலம் சொல்லிவிட்டிருந்தாள். இப்போதைக்கு ஒருவரைத்தான் கூப்பிட முடியும், அம்மாவா அப்பாவா என்று நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று. அதற்குப் பிறகு கதிரவேலு அந்தக் கதையையே எடுக்கவில்லை.

எடுக்காததுதான் அவளை அரித்தது.

கடற்பக்கமாக ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. லியோன் சுவரோடு ஒதுங்கினான். அவளும் ஒதுங்கினாள். இந்தச் சத்தத்துக்குள் தன்னைத் தனியே விட்டுவிட்டுப் போகப்போகிறார்.

சத்தம் தேய்ந்தது. உள்ளேயிருந்து தட்டும் ஓசை இல்லை.

குளிருக்குப் பழகுகிறார் என்று நினைத்தாள்.

“திற, தம்பி,” என்றாள்.

வெண்புகையோடு கதிரவேலு வெளியே வந்தார். புருவம் வெளுத்திருந்தது. பற்கள் அடித்துக்கொண்டன.

“நெஞ்சுக்குள்ளை குளிர் ஏறேல்லை. மூடாத இடத்திலைதான்,” என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

விறைத்த விரல்களால் பொத்தானைக் கழற்ற அவரால் முடியவில்லை. பூரணம் கிட்டப் போனாள். அவள் விரல்கள் பழக்கத்தில் பொத்தானைத் தேடி அவருடைய வலப்பக்கம் போயின.

அங்கே இருந்தவை துளைகள்.

ஆம்பிளைச் சட்டைக்குப் பொத்தான் வலப்பக்கம். ஆயிரம் சட்டைக்கு அவள் வைத்திருக்கிறாள். இதில் இடப்பக்கம் இருந்தது.

“இது பொம்பிளைச் சட்டையெல்லோ,” என்றாள். “ஆருக்கு?”

அவர் லியோனைப் பார்த்தார். லியோன் ஐஸ் கட்டியை மூடுகிற சாக்கோடு அப்பால் போனான்.

கதிரவேலு சட்டையைத் தலைவழியாக இழுத்துக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“போட்டுப் பாரும்.”

அந்த வெயிலில், சேலைக்கு மேலே, அவள் போட்டாள். தோள் தோளில் இருந்தது. நெஞ்சு நெஞ்சில் இருந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தாமே பூட்டிக்கொண்டன.

கை மட்டும் நீளம். விரல் நுனியையும் மூடித் தொங்கியது.

“கையைக் குறைக்கலாம்,” என்றார் அவர், நிலத்தைப் பார்த்து. “அதின்ரை அளவு மட்டும் தெரியேல்லை.”

காணாமற் போன நீலச் சட்டைக்கு முழங்கைக்குக் கீழே கை இல்லை.