ழ வராத கணினி

“நீ சோதிச்சதை யாரும்மா பார்த்தா?” என்று மகள் ஒருநாள் கேட்டதிலிருந்து, மென்பொருள் சோதிக்கும் ஆக்னஸ் சான்றில்லாமல் எதையும் ‘சரி’ என்று குறிப்பதில்லை. அவள் குழு எல்லோருக்கும் இலவசமாகத் தரும் இயங்குதளத்தின் புதிய பதிப்பு இன்று வெளியாக வேண்டும். பழைய கணினியில் அது ஓடியதற்குச் சான்று கிடைக்காவிட்டால், பள்ளிக்கூடங்களில் இன்னும் இருக்கும் பழைய கணினிகளைப் புதிய பதிப்பு கைவிட்டுவிடும். முன்னோட்டப் பதிப்பை ஓட்டிப் பார்த்தவர்கள் அனுப்பிய குறிப்புகளில் ‘பழைய’ என்று தேடினாள், ஒன்றும் வரவில்லை.

“பளையன்னு போட்டுப் பாருங்கக்கா, நம்மாளுங்க லட்சணம் தெரியாதா?” என்று சிரித்தான் உடன் வேலை செய்யும் முபாரக்.

வந்துவிட்டது! “ஸ்தோத்திரம்!” என்று கைதட்டினாள் ஆக்னஸ். யாரோ ஒருவர் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்: “பளைய கணினிதான், நன்றாக ஓடுகிறது. மன்னிக்கவும், அந்த எளுத்து மட்டும் இதில் வருவதில்லை.”

பதிப்பு வெளியானது. எல்லோரும் பாயசம் குடிக்கப் போனார்கள். ஆக்னஸ் தனியே உட்கார்ந்து அந்தப் பிழையைத் திருத்தி, ‘வாழ்க’ என்று தட்டிப் பார்த்தாள். வந்தது. திருத்தத்தைத் தன் பெயர் போடாமல் அவருக்கு அனுப்பிவைத்தாள்.