பதினான்காவது வரி

“தனியா எல்லாம் அனுப்ப முடியாது. தம்பி பள்ளிக்கூடம் முடிக்கட்டும், ரெண்டு பேரும் ஒரே வகுப்புல சேருங்க” என்றார் அப்பா.

“கம்ப்யூட்டர் படிக்கணும்னு கேட்டது நான்தானேப்பா? அவன் கேக்கவே இல்லையே.”

“அவன் போனாத்தான் நீ போவே. அவன் விட்டாலோ, ஒரு பேப்பர்ல விழுந்தாலோ, உன் படிப்பும் அன்னியோட சரி.”

அதற்காக ஒரு வருடம் வீட்டில் காத்திருந்து, தம்பியோடு கல்லூரிக்குள் நுழைந்தவள் அவள்.

எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்து, இப்போது கடைசி செய்முறைத் தேர்வு. ஆய்வுக்கூடத்தில் விசைப்பலகைச் சத்தத்தையும் மீறி அந்தப் பேச்சு அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளுடைய புரோகிராம் ஓடிவிட்டது. தேர்வாளர் திரையைப் பார்த்தார், ஏதோ கேட்டார், திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மணி அடிக்கும்வரை எழுந்து போகக் கூடாது என்பதால் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கணினியில் தம்பி.

இருவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. பிழை எங்கே என்று தெரியாவிட்டால் அவன் பேனாவைக் கீழே போடுவான். அவள் ஓரக்கண்ணால் அவன் திரையைப் படித்து, அந்த வரியின் எண்ணை மேசையில் தட்டுவாள். இருபத்து மூன்று என்றால் இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, மூன்று தட்டு.

“என்னம்மா, கச்சேரியா?” என்று ஆய்வுக்கூட உதவியாளர்கூட ஒருமுறை கேலி செய்திருக்கிறார்.

படிப்பு முழுக்க இதே கதைதான். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அவள் விழுந்து விழுந்து படித்தாள். அவனோ வகுப்பு முடிந்த கையோடு பைக் மெக்கானிக் கடைக்கு ஓடுவான். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது.

ஆனால் தேர்வு முடிவு வந்ததும் சித்தப்பா கம்பெனியில் நாற்காலி காத்திருப்பது அவனுக்குத்தான். அப்பா அவனுக்குப் புதுச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

அவளுக்கு நாற்காலியும் இல்லை, சட்டையும் இல்லை.

இன்று தட்டப் போவதில்லை.

அவள் தேறியாயிற்று. இனி இவன் விழுந்தால் அப்பா எதை நிறுத்துவார்? பேனா நூறு முறை விழட்டும். திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. வெளியே போனதும் சொல்ல வேண்டியதையும் மனதுக்குள் பாடம் பண்ணி வைத்திருந்தாள்: ‘இத்தனை நாள் உன்னைச் சுமந்தது போதும்டா.’

விரல்களை மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பேனா விழவில்லை.

மறுக்கத் தயாராக இருப்பவளிடம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் எப்படி? எரிச்சலாக வந்தது. கடைசியில் அவளே திரும்பிப் பார்த்தாள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தான். திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. மேலிருந்து கீழ்வரை படித்தாள். அத்தனை வரியும் சுத்தம். பதினான்காவது வரியின் முடிவில் மட்டும் ஓர் அரைப்புள்ளி இல்லை. முதல் வாரத்தில் படிக்கிற பாடம். கர்சர் சரியாக அதே இடத்தில் நின்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

தேர்வாளர் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டார்.

சபதம் எங்கே போனதோ, அவள் கை தானாக மேசைக்கு ஏறியது. ஒரு தட்டு. இடைவெளி.

நாலு தட்டுவதற்குள் கிரீஸ் படிந்த கை அவள் விரல்களை அப்படியே அமுக்கிக்கொண்டது.

“தட்டாதேக்கா” என்றான் மெல்ல. “முதல் செமஸ்டர்லயே ஓடிப் போயிருப்பேன், அப்பா உன்னை நிறுத்திடுவாரேன்னுதான் உக்காந்திருந்தேன். உனக்குத்தான் முடிஞ்சிடுச்சில்ல? இப்பவாவது என்னை விழ விடு.”