ஆழம் பார்த்த மூக்கு

கைக்குட்டை மறுபடியும் சிவந்தது. பதினாறு வயது ஈஸாவின் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டர்.

"இந்த வயசுப் பையங்களுக்கு மூக்குக்குப் பின்னால அபூர்வமா ஒரு ரத்தக்குழாய்க் கட்டி வரும், மரைக்காயரே. புத்துநோய் இல்ல. ஆனா வளரவிட்டா ஒரு நாள் ரத்தம் நிக்காமலே போயிரும். மதராசுக்குப் போயி எடுத்தாகணும்."

வாப்பா ஆடிப்போனார். "எம்மவன் சங்கு குளிக்கவன், டாக்டரய்யா. இந்த சீசன் பூரா எட்டுப் பாகம் ஆழத்துக்கு முங்கி எந்திரிச்சிருக்கான்!"

"அட, அத முதல்லயே சொல்லப்படாதா? அப்ப இது ஆழத்து அழுத்தத்துல வாரது. கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு மாசம் கடல்ல எறங்காம இருந்தா தானா நின்னுரும்."

திரும்பும் வழியெல்லாம் வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பையனுக்கு என்ன, மரைக்காயர் காக்கா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"ஆழம் பாத்த மூக்குல்லா! அப்படித்தாம்ல ஒழுகும்."

வீட்டுக்கு வந்ததும் ஈஸா நேரே அடுப்படிக்குப் போய் அக்கா பதுருன்னிஸாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லாத்தா, வாப்பாகிட்ட இத எப்படிச் சொல்லுவேன்? எனக்குக் கடலக் கண்டாலே பயம். சீசன் பூரா தோணியில நின்னு முங்குறவங்களுக்குக் கயிறுதான் பிடிச்சேன். ஒரு நாள்கூட தண்ணியில எறங்கல."